விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாத சைக்கிள் ஒன்பது மணிக்கு ஒரே உதையில் எழுகிறது: எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

முடோன்பால் (மோல்மீன் அருகே, பர்மா), செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். மோல்மீனிலிருந்து முடோன் போகிற சாலையில் எங்கள் ஊர். சொந்த மாடு ஆறு. பக்கத்து வீடுகளிலும் பால் எடுத்துத் தினம் 22 வீசை மோல்மீனுக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறேன். போக 14 மைல், வர 14 மைல். கெட்டிப்பால் டின்னை உடைத்து டீ போடுகிற கடைக்காரர்களுக்கு நான் தேவையில்லை. பசும்பால்தான் வேண்டும் என்கிற ஐந்து டீக்கடை, பத்துப் பன்னிரண்டு வீடு, ஒரு முருகன் கோயில், இவ்வளவுதான் என் வாடிக்கை. ஐந்து மணிக்குள் பால் போய்ச் சேராவிட்டால் அன்று அவர்கள் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே பால் இன்னமும் வீசைக் கணக்குதான், பர்மா வீசை ஒன்று 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். அப்புறம் நாங்கள் சைக்கிள் என்றால் அது மோட்டார் சைக்கிள். பர்மியர் அப்படித்தான் சொல்வார்கள், எங்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

என் சைக்கிள் சைனா 125, கார்புரேட்டர் வண்டி, வாங்கி ஒன்பது வருடம். செல்ஃபும் உண்டு, கிக்கும் உண்டு. மூன்று வாரமாக ஒரே தொல்லை. காலை நாலு மணிக்குக் கேன்களைக் கட்டிவிட்டு உதைத்தால் எழுவதில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. முப்பது நாற்பது உதை. சோக் போட்டுப் பார்த்தாயிற்று, எடுத்துப் பார்த்தாயிற்று, தள்ளிக்கொண்டு ஓடியும் பார்த்தாயிற்று. எட்டரை ஒன்பதுக்கு மேல் கொஞ்சம் வெளிச்சம் வந்தால் ஒரே உதை, எழுந்துவிடுகிறது. அதன்பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. இடையில் மழை இல்லாத நாலு நாள் வந்தது, அந்த நாலு நாளும் விடியற்காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது.

இதுவரை செய்தது: புது பிளக் (சி7எச்எஸ்ஏ), பேட்டரி சார்ஜ், ஏர் ஃபில்டர் சுத்தம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம், பிளக் பொறிக்கு மின்சாரம் அனுப்புகிற சிடிஐ பெட்டி ஒன்று புதிது போட்டோம். காசு போனதுதான் மிச்சம். ஒர்க்‌ஷாப் சயாவிடம் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கொண்டுபோகும்போது மணி பத்தாகிவிடும், அவர் உதைத்தால் உடனே எழுகிறது. கோளாறை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கடைசியில் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், எஞ்சினைப் பிரித்துவிடுவோம் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் தொகை எங்களுக்கு ஒரு மாதத் தீவனச் செலவு.

போன வியாழன் பால் போகவில்லை. வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்திலும் உறை ஊற்றினோம். அத்தனை தயிரை யார் வாங்குவார்கள்? அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. கோயிலுக்கு அபிஷேகப் பால் நான்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பால் அது. அன்றைக்கு மட்டும் நான் போகாமல் இருக்க முடியாது. எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா, அதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது பாக்கி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோவைரைடர் (கோயம்புத்தூர்), செவ்வாய் இரவு

வணக்கம் நண்பரே. இங்கே இப்போது வருவதெல்லாம் இன்ஜெக்‌ஷன் வண்டி, சாவி போட்டதும் மீட்டரில் விளக்கு மினுக்கிக் கோளாறைச் சொல்லிவிடும். உங்களுடையது கார்புரேட்டர் என்பதால் அந்த வழி இல்லை. எனக்குத் தோன்றுவது பெட்ரோலில் தண்ணீர். மழைக்காலத்தில் எங்களுக்கும் வரும். மூன்று வாரமாகத் தொடர்ந்து மழையா?


முடோன்பால், செவ்வாய் இரவு

மூன்று வாரம் என்ன நண்பரே, மோல்மீனில் வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. வருடத்துக்கு நாலரை ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. அதில் பெரும்பங்கு ஆனி, ஆடி, ஆவணியில்தான்.


தட்டோன்தையல் (தட்டோன், பர்மா), புதன் காலை

அண்ணா, நீங்கள் பெட்ரோல் எங்கே போடுகிறீர்கள்? பங்கிலா, ரோட்டோரத்துப் பாட்டிலிலா? பாட்டிலாக இருந்தால் கோவை அண்ணன் சொன்னதை முதலில் பாருங்கள். தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் சைக்கிள்தான், போன வருடம் இதே மாதம் இதே பாடு பட்டேன். மழையில் திறந்து திறந்து ஊற்றுகிற பாட்டிலில் தண்ணீர் இறங்கியிருந்தது.

கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு பாகம் இருக்கும், அதன் கீழே ஒரு சின்ன திருகு. அதைத் தளர்த்தினால் குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டும். கண்ணாடிக் கிளாஸில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்கும், பெட்ரோல் மேலே நிற்கும். பெட்ரோலை விடத் தண்ணீர் கனம், அதனால் கிண்ணத்தின் அடியிலும் டேங்கின் அடியிலும் போய்ப் படிந்துவிடுகிறது. கார்புரேட்டரை ஒரு தடவை கழுவினால் போதாது. டேங்கில் மிச்சம் இருந்தால் அடுத்த நாளே கிண்ணத்துக்கு இறங்கிவிடும்.

ஒரு விஷயம் கட்டாயம் கேளுங்கள். பிளக்கை வெளியே எடுத்துப் பொறி பார்க்கும்போது பக்கத்தில் பெட்ரோல் கிளாஸை வைக்காதீர்கள். நாற்பது தடவை உதைத்த எஞ்சினில் பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வந்துகொண்டே இருக்கும். என் தம்பி அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே பிளக்கைப் பிடித்து உதைத்தான். குப்பென்று பிடித்தது. கை வெந்து மூன்று வாரம் ஒரு வேலையும் செய்யவில்லை.


முடோன்பால், வெள்ளி இரவு

தங்கச்சி, நீங்கள் சொன்னபடி செய்தேன். பாட்டில் பெட்ரோல்தான். எங்கள் ஊரிலிருந்து பங்குக்கு ஐந்து மைல் போக வேண்டும். கிளாஸின் அடியில் நாலைந்து முத்து நின்றது, கண்ணால் பார்த்தேன். டேங்கையும் வடித்து, பங்கில் 92 ஆக்டேன் பெட்ரோல் போட்டு வந்தேன். வியாழக்கிழமை விடியற்காலை மூன்றாவது உதையில் எழுந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நேற்று இரவு முழுக்க மழை அடித்தது. இன்று காலை பழையபடி. மறுபடியும் கிண்ணத்தை வடித்துப் பார்த்தேன், சுத்தமான பெட்ரோல், ஒரு முத்துகூட இல்லை. அண்ணன் மகனை எழுப்பி அவன் சைக்கிளில் ஒரு கேனை மட்டும் அனுப்பினேன். கிருத்திகைக்கு இன்னும் ஐந்து நாள்தான்.


ரங்கூன்வாசி (ரங்கூன்), வெள்ளி இரவு

எங்கள் ஊருக்குள் 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை, அதனால் வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. பாலைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முடோன் பக்கமிருந்து விடியற்காலையில் மோல்மீன் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் லைன் கார் இருக்குமே, அதில் ஒருவரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். வண்டி சரியானால் நல்லது. இல்லாவிட்டாலும் அபிஷேகப் பால் நிற்காது.


பெகுமெக்கானிக் (பெகு, பர்மா), சனி காலை

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் இந்த வேலை பார்த்து இப்ப பையன்கிட்ட கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன். எஞ்சினைப் பிரிக்காதீங்க. காரணத்தைச் சொல்றேன்.

ரிங் தேய்ஞ்ச எஞ்சின் மழையைப் பார்த்து நடக்காது. மழை இல்லாத நாலு நாளும் அதே நாலு மணிக்கு எழுந்திருச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கம்ப்ரஷன் (உள்ள காத்தை அமுக்குற பலம்) போயிருந்தா அந்த நாளும் தகராறு பண்ணியிருக்கும். சந்தேகம் தீரணும்னா பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி உதைச்சுப் பாருங்க. முன்னைவிட உதை கனமா வந்து உடனே எழுந்தா ரிங்கைச் சந்தேகப்படலாம். உதையில வித்தியாசமே தெரியலைன்னா அந்தப் பேச்சை விட்டுடலாம்.

பெட்ரோல்ல தண்ணி இருந்தது உண்மைதான், அது ஒரு தனிக் கோளாறு. தங்கச்சி சரியாத்தான் சொன்னாங்க. ஆனா ஒரு வண்டியில ஒரே நேரத்துல ரெண்டு கோளாறு இருக்கக் கூடாதுன்னு சட்டமில்லை. ஒண்ணைக் கண்டுபிடிச்சதும் அதோட தேடுறதை நிறுத்திடுவோம், அங்கதான் ஆள் ஏமாந்து போறது.

இப்ப மிச்சம் இருக்கிறது பொறி. நீங்க பிளக் மாத்துனீங்க, சிடிஐ மாத்துனீங்க. ரெண்டுக்கும் நடுவுல இருந்து வோல்ட்டை ஏத்திக் கொடுக்கிற காயில், அதுலருந்து வர்ற தடிச்ச ஒயர், ஒயர் நுனியில இருக்கிற பிளக் கேப், இந்த மூணையும் யாரும் தொடலை. காயில்லருந்து பிளக்குக்குப் போறது பத்தாயிரம், பதினஞ்சாயிரம் வோல்ட். அந்த ஒயரோட ரப்பர்ல மயிரிழை வெடிப்பு இருந்தாப் போதும். காஞ்சிருக்கிறப்போ ஒண்ணும் தெரியாது. ஈரம் ஏறிட்டா பொறி பிளக்குக்குப் போகாம அந்த வெடிப்பு வழியா பாடிக்கு இறங்கிடும். மழை நாள்ல மட்டும், காயுற வரைக்கும் மட்டும். உங்க கதை அப்படியே பொருந்துது.

நீங்க பிளக்கை வெளியில எடுத்துப் பார்த்தப்போ பொறி நல்லா வந்திருக்குமே? அதை நம்பாதீங்க. வெளியில காத்துல பொறி சுலபமாத் தாண்டிடும். உள்ள பிஸ்டன் அமுக்கி வச்ச காத்துல அதே இடைவெளியைத் தாண்டுறதுக்கு அதைவிட எத்தனையோ அதிக வோல்ட் வேணும். அப்பத்தான் மின்சாரம் சுலபமான வேற வழி தேடும், வெடிப்பு ஈரமா இருந்தா அதுதான் வழி. இன்னொண்ணு, உங்க மாதிரி வண்டிகள்ல நிறைய ஏசி சிடிஐ, பேட்டரியிலருந்து இல்லாம எஞ்சின் சுத்துறதுலருந்தே மின்சாரம் எடுக்கிறது. எஞ்சின் மெதுவாச் சுத்துறப்போ அதுக்குக் கிடைக்கிற மின்சாரமே கம்மி. உதைக்கிறப்போ பொறி சோனி, ஓடுறப்போ பலம். ஓடிக்கிட்டிருக்கிற வண்டி மழையில நிக்காததுக்கும் இதுதான் காரணம், எஞ்சின் சூடும் ஒயரைக் காய வச்சிடுது.

உங்க சயாவைக் குறை சொல்ல மாட்டேன். பத்து மணி வெளிச்சத்துல, காஞ்ச வண்டியில, இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. நாலு மணி இருட்டு உங்ககிட்டதான் இருக்கு. அதை வச்சே பாருங்க. மழை பேஞ்ச காலையில எல்லா விளக்கையும் அணைச்சிட்டு, கண்ணு இருட்டுக்குப் பழகுற வரைக்கும் ரெண்டு நிமிஷம் நில்லுங்க. பிளக் மாட்டினபடியே இருக்கட்டும். வீட்டுல ஒருத்தரைச் செல்ஃப் அழுத்தச் சொல்லிட்டு நீங்க காயில்லருந்து பிளக் வரைக்கும் ஒயரையே பாருங்க. கசிவு இருந்தா நீலமா ஒரு நூல் மாதிரி தெரியும், டிக் டிக்னு சத்தம் வரும். கையை மட்டும் வைக்காதீங்க, ஈரக் கைக்கு அந்த அடி பலமா விழும். அன்னைக்கு மழை இல்லைன்னா துணிக்குத் தண்ணி தெளிக்கிற பாட்டில்ல ஒயர் மேல பனி மாதிரி அடிச்சுட்டுப் பாருங்க.

என் சந்தேகம் பிளக் கேப் மேல. ஒன்பது வருஷ ரப்பர், உள்ள தண்ணி போயிருக்கும். பிளக்குலருந்து உருவிட்டு, ஒயர்லருந்து இடப்பக்கம் திருகினா கழண்டு வரும். உள்ள பச்சை பூத்திருந்தா ஒயர் நுனியில அரை விரக்கடை வெட்டிட்டுப் புதுச் செம்புல திருகி மாட்டுங்க. ஓம் பார்க்கிற மீட்டர் இருந்தா கேப்போட ரெண்டு முனையையும் வச்சுப் பாருங்க, பெரும்பாலும் 5,000 ஓம் பக்கம் காட்டும். முள்ளே அசையலைன்னா உள்ள அறுந்திருக்கு.

அப்புறம் ராத்திரி வண்டியை எங்க நிறுத்துறீங்க, எதைப் போட்டு மூடுறீங்க?


முடோன்பால், சனி மதியம்

அண்ணே, படிக்கப் படிக்க எனக்கு மூன்று வாரக் குழப்பமும் பிரிந்துவிட்டது. ஆயில் விட்டுப் பார்த்தேன், உதையில் ஒரு வித்தியாசமும் இல்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தகரம் இறக்கிய சார்ப்பு இருக்கிறது, அங்கேதான் நிறுத்துகிறேன். தென்மேற்குப் பக்கம் திறப்பு. சாரல் அடிக்கும் என்று இரவு வந்ததும் பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தரை வரை இழுத்து மூடிவிடுவேன்.


பெகுமெக்கானிக், சனி மதியம்

சூடான எஞ்சின் மேல பிளாஸ்டிக்கைத் தரை வரைக்கும் மூடினா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போக வழியில்லாம ஒயர் மேலயும் காயில் மேலயும்தான் வேர்த்து நிக்கும். தென்மேற்குப் பக்கம் ஒரு கீத்துத் தட்டி கட்டி நிறுத்துங்க. எஞ்சின் ஆறினப்புறம் சீட்டு, ஹேண்டில் வரைக்கும் மூடுங்க, கீழ காத்துப் போகட்டும்.


முடோன்பால், திங்கள் காலை

கண்டுபிடித்துவிட்டோம் அண்ணே! இப்போதுதான் பால் ஊற்றிவிட்டு வந்தேன், கைகூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

நேற்று இரவு பத்து மணிக்குப் பிடித்த மழை மூன்றரைக்குத்தான் கொஞ்சம் ஓய்ந்தது. எழுந்ததும் வேண்டுமென்றே வழக்கம்போல உதைத்தேன், எழவில்லை. கொட்டகை விளக்கை அணைத்தேன். பெரியவன் செல்ஃபை அழுத்த, நான் காலடிப் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிளக் கேப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் அதைச் சொல்லியிருந்ததால். பெரியவன்தான் "அப்பா, மேலே பாருங்க, மேலே" என்றான். காயில்லிருந்து நாலு விரல் தள்ளி, பிளாஸ்டிக்கைத் தாங்குகிற இரும்புப் பட்டை இருக்கிறதே, அதற்கும் ஒயருக்கும் நடுவில் நீலமாக, ஊசி முனை மாதிரி. டிக், டிக், டிக். எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. இந்த நீல நூல்தான் என் பாலையெல்லாம் தயிராக்கியது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒயர் அந்தப் பட்டையில் உரசி உரசி ரப்பர் நகம் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. அதன்மேல் சேறும் சாணியும் அப்பி, வெளியே தெரியாமல் மூடிவிட்டது. போன வருடம் ஒரு தடவை கீழே விழுந்து அந்தப் பிளாஸ்டிக்கை மாற்றினோம். திரும்ப மாட்டும்போது ஒயரைப் பட்டைக்கு உள்ளே விடாமல் வெளியே விட்டுவிட்டோம் போலிருக்கிறது. மாட்டியது நான்தான்.

ஒயரைத் துடைத்து, விறகடுப்புச் சூட்டில் காட்டிய துணியால் ஒற்றி, பட்டையிலிருந்து விலக்கிக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். இரண்டாவது உதையில் எழுந்தது. நாலே முக்காலுக்கு முதல் கடையில் பால் ஊற்றிவிட்டேன். டேப் சுற்றினால் போதுமா, என்ன செய்யலாம்?


பெகுமெக்கானிக், திங்கள் காலை

ரொம்ப சந்தோஷம் தம்பி. கேப்புன்னு நான் நினைச்சது தப்பு, பையன் கண்ணு நல்ல கண்ணு.

டேப்பை மட்டும் நம்பாதீங்க, சாதாரண டேப் அவ்வளவு வோல்ட்டைத் தாங்காது, ஈரத்துல பசையும் விட்டுடும். ரெண்டு நாளைக்கு ஓட்டணும்னா மிதிவண்டி ட்யூப்ல ஒரு துண்டு வெட்டி, தேய்ஞ்ச இடத்துல ரெண்டு சுத்து சுத்தி, அதுக்கு மேல டேப். அதைவிட முக்கியம், இரும்புல எங்கேயும் படாம விலகி நிக்கணும். உங்க வண்டியில ஒயர் காயிலோட சேர்த்து வார்த்திருக்கும், தனியா வராது. அதனால காயில் ஒண்ணு புதுசா வாங்கிடுங்க. எஞ்சின் பிரிக்கிற காசுல இது ஒரு ஓரத்துக்குக் காணாது. போடுறப்போ பழைய ஒயரோட நீளத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, குட்டையா இருந்தா ஹேண்டில் பக்கம் இழுத்து மறுபடி உரசும். காயிலைப் பாடியில முறுக்குற இடத்துல பெயின்ட், துரு இருந்தா சுரண்டிட்டு முறுக்குங்க, எர்த் நல்லாக் கிடைக்கணும். கேப்பையும் சேர்த்தே மாத்திடுங்க, ஒன்பது வருஷம் ஆச்சு.

கழட்டின பழைய சிடிஐயைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அது நல்ல பெட்டி. துணியில சுத்தி வீட்டுல வைங்க.


கோவைரைடர், திங்கள் மதியம்

அருமை. என் அப்பாவின் பழைய வண்டியும் மழையில் இப்படித்தான் செய்கிறது. இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கப் போகிறேன்.


முடோன்பால், வியாழன் இரவு

செவ்வாய்க்கிழமையே மோல்மீன் சந்தையில் காயிலும் கேப்பும் வாங்கிவிட்டேன். ஒர்க்‌ஷாப் சயாவிடமே கொண்டுபோய், தேய்ந்த ஒயரைக் காட்டி, அவரையே மாட்டச் சொன்னேன். அவர் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயில் முறுக்குகிற இடத்தை நீங்கள் சொன்ன மாதிரியே சுரண்டிவிட்டு மாட்டினார், கூலி வாங்கவில்லை. ஒயர் இந்தத் தடவை பட்டைக்கு உள்ளே போகிறது, ரப்பர்க் குழாய் ஒன்றையும் கோத்துவிட்டோம். சார்ப்புக்குத் தென்மேற்கில் கீற்றுத் தட்டி கட்டியாயிற்று.

நேற்று ஆடிக் கிருத்திகை. இரவு மழை நிற்கவே இல்லை. ரங்கூன் அண்ணன் சொன்னபடி லைன் கார்காரரிடம் பேசி வைத்திருந்தேன், அவர் நாலு மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடித்தார். அவருக்கு முன்னாலேயே உதைத்தேன், முதல் உதை. அவரிடம் ஒரு சொம்புப் பாலைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கோயில் கேனை முன்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். குருக்கள் முதல் அபிஷேகத்துக்குச் சொம்பு எடுக்கும்போது பால் அங்கே இருந்தது.

தட்டோன் தங்கச்சி, இப்போது பங்குப் பெட்ரோல்தான். வாரத்துக்கு ஒரு தடவை கிண்ணத்தை வடித்துப் பார்க்கிறேன்.